பவுடர் அரைக்கும் காற்று

குழந்தை குளித்ததும் பவுடர் போடாத வீடு நம்மில் உண்டா? ஓய்வுக்குப் பின் உதய்பூர் பக்கம் நண்பரின் டால்க் ஆலைக்குப் போயிருந்தேன். அங்கே ஜெட் மில்லில் இரும்புக் குண்டுகளே இல்லை. அழுத்தக் காற்றின் வேகத்தில் கல்துகள்கள் சுழன்று, ஒன்றோடொன்று மோதிச் சில மைக்ரானாக நொறுங்குகின்றன. இரும்புத் தேய்மானம் கலப்பதில்லை, சூடும் ஏறுவதில்லை. நீராவி எஞ்சின் காலத்து ஆளான எனக்கு வியப்புத்தான்!

ஆனால், பாய்லரில் சுற்றிய ஆஸ்பெஸ்டாஸை வெறுங்கையால் தொட்டவன் நான். சில பாறைகளில் அது டால்க்கோடு கலந்தே கிடக்கும். மூச்சில் போனால் புற்றுநோய். மில் அதைப் பிரிக்காது, இன்னும் நுண்ணியதாக்கும். சுரங்கத்துக் கல்லையே சோதிக்க வேண்டும். சான்றிதழைக் கேட்டேன். நண்பர் கோபிக்காமல் காட்டினார்.

பேத்திக்கென்று அவர் தந்த டப்பாவை, இதையெல்லாம் கேட்ட என் மனைவி இன்னும் திறக்கவில்லை.