காந்தத்துக்குப் பயந்த கம்பி

பழைய தெர்மாமீட்டருக்குள் வெள்ளிபோலப் பளபளக்கும் பாதரசத்தைப் பார்த்திருக்கிறீர்களா? மைனஸ் 39 டிகிரிக்குக் கீழே போனால் அதுவும் உறைந்து கட்டியாகிவிடும். நெதர்லாந்து நாட்டின் லைடன் நகரில் இருந்த காமர்லிங் ஓன்னஸ் என்ற விஞ்ஞானி, பாதரசத்தை அதைவிடப் பல மடங்கு குளிரவைத்தார். 1908-இல் ஹீலியம் வாயுவை முதன்முதலில் திரவமாக்கியவர் அவர்தான். அந்தத் திரவத்தின் வெப்பநிலை மைனஸ் 269 டிகிரி! 1911-இல், மெல்லிய கண்ணாடிக் குழாயில் அடைத்த பாதரசத்தை அந்தக் குளிரில் வைத்து மின்சாரம் பாய்ச்சினார்.

எந்தக் கம்பியும் மின்சாரத்தைக் கொஞ்சமாவது தடுக்கும். இஸ்திரிப்பெட்டி சுடுவதே அந்தத் தடையால்தான். குளிரக் குளிரத் தடை குறையும் என்று ஓன்னஸுக்குத் தெரியும். ஆனால் பாதரசத்தில் அது திடீரென்று அடியோடு காணாமல் போனது! தடையே இல்லாத இப்படிப்பட்ட பொருளை மீக்கடத்தி என்கிறோம்.

1914-இல், அதேபோலக் குளிரவைத்த ஈயக் கம்பிச் சுருள் ஒன்றில் மின்சாரத்தை ஓடவிட்டு, மின்கலத்தைக் கழற்றினார். பக்கத்தில் ஒரு திசைகாட்டி. மின்கலம் இல்லாமலே, சுருளின் மின்சாரம் உண்டாக்கிய காந்தப்புலத்தால் திசைகாட்டியின் முள் மணிக்கணக்கில் விலகியபடியே நின்றது. சுருளுக்குள் மின்சாரம் சுற்றிக்கொண்டே இருந்ததற்கு அந்த முள்தான் சாட்சி.

இது எப்படி? கடுங்குளிரில் எலக்ட்ரான்கள் ஜோடி சேர்கின்றன. கோடிக்கணக்கான ஜோடிகளும், கும்மியடிப்பவர்கள் ஒரே தாளத்துக்கு அடி வைப்பதுபோல ஒன்றாக நகர்கின்றன. ஒருவரை மட்டும் தனியே தடுத்து நிறுத்த முடியாது. இது குவாண்டம் உலகத்து விதி. 1957-இல் பார்டீன், கூப்பர், ஷ்ரீஃபர் என்ற மூவர் இதை விளக்கினார்கள். சூடு ஏறினால் ஜோடிகள் பிரிந்துவிடும், தடையும் திரும்பிவிடும்.

குளிர் மட்டும் போதாது, காந்தமும் தொந்தரவு செய்யும். ஈயச் சுருளை வைத்துப் பெரிய மின்காந்தம் செய்ய ஓன்னஸ் ஆசைப்பட்டார். மின்சாரத்தைக் கூட்டினார். அது உண்டாக்கிய காந்தப்புலமே ஜோடிகளைப் பிரித்துவிட்டது! பாவம், தன் காந்தத்தையே தாங்காத கம்பி.

பின்னால் வந்தவர்கள் நியோபியம்-டைட்டானியம் கலவையில் கம்பி செய்தார்கள். பலமான காந்தப்புலத்தையும் அது தாங்கும். எம்.ஆர்.ஐ. ஸ்கேன் கருவிக்குள் இருப்பது அந்தக் கம்பிதான், பெரும்பாலும் திரவ ஹீலியத்தில் மூழ்கியபடி. அதன் காந்தப்புலம் பூமியுடையதைப் போல ஏறத்தாழ 30,000 மடங்கு. ஸ்கேன் முடிந்தாலும் அந்தக் காந்தத்தை அணைப்பதில்லை. அதனால் ராத்திரி தரை துடைக்க வருபவர்கூட இரும்பு வாளியோடு அந்த அறைக்குள் நுழையக் கூடாது.