தடையோட்ட வீரர் ஹாரிஸன் டில்லார்ட்

விளையாட்டுப் போட்டிகள் பலவற்றுள்ளும் தடையோட்டம் தனித்தன்மை வாய்ந்தது. ஏனைய குறுந்தூர ஓட்டங்களில் வேகமே முதன்மையானது. இதிலோ வேகத்தோடு அளவும் வேண்டும். ஆடவர் ஓடும் 110 மீட்டர் தூரத்தில் 10 தடைகள் நிறுத்தப்பெற்றிருக்கும். ஒவ்வொன்றின் உயரமும் 3 அடி 6 அங்குலம். முதல் தடை புறப்படும் கோட்டிலிருந்து 15 கெஜத்திலும், மற்றவை பத்துப் பத்துக் கெஜ இடைவெளியிலும் நிற்கும். இரு தடைகளுக்கிடையே வீரர் மூன்றே எட்டுகள் வைப்பர். கால் தவறிப் பட்டுத் தடை சாய்ந்துவிடின் அதனைக் குற்றமாகக் கொள்வதில்லை. ஆயினும் மோதியவனுடைய வேகம் குறையும். அடுத்த எட்டுச் சுருங்கும். குதித்தெழ வேண்டிய இடம் தவறும். ஆகவே ஒரு தடையில் நேர்ந்த பிழை அடுத்த தடையிலும் அவனைத் தொடர்கின்றது.

இவ்வோட்டத்தில் பெரும் புகழும் பெருந்தோல்வியும் ஒருங்கே கண்டவர் அமெரிக்க நீக்ரோ வகுப்பினரான ஹாரிஸன் டில்லார்ட் என்பார். அவர் 1923ஆம் ஆண்டில் ஒஹாயோ மாகாணத்துக் கிளீவ்லண்டு நகரிற் பிறந்தார். 1936ஆம் ஆண்டு பெர்லினில் வாகை சூடித் திரும்பிய ஜெஸி ஓவன்ஸை அந்நகரத்தார் ஊர்வலமாக அழைத்துச் சென்ற காட்சி, சிறுவரான டில்லார்டின் உள்ளத்தில் ஆழப் பதிந்தது. ஓவன்ஸ் பயின்ற உயர்தரப் பள்ளியிலேயே தாமும் பயின்று, பின்னர் மெதடிஸ்ட் சபைச் சார்புடைய பால்டுவின்-வாலஸ் கலாசாலையிற் சேர்ந்தார். யுத்தம் குறுக்கிட்டமையால் படிப்பை இடையில் நிறுத்தி, இத்தாலியிற் போர்வீரராகப் பணிபுரிந்து மீண்டார்.

தடையோட்டத்திற்கு நெட்டையரே ஏற்றவரென்பது பொதுக் கொள்கை. டில்லார்டோ 5 அடி 10 அங்குல உயரமே உடையவர். அக்குறையைத் தடைகளினிடையே ஓடும் வேகத்தினால் நிறைவு செய்தார். 1947, 1948ஆம் ஆண்டுகளில் தொடர்ந்து 82 பந்தயங்களில் வென்றார். 1948இல் 120 கெஜத் தடையோட்டத்தை 13.6 வினாடிகளில் முடித்து உலக சாதனையும் நிறுவினார்.

அவ்வாண்டு லண்டன் ஒலிம்பிக் பந்தயத்திற்கு வீரரைத் தெரிந்தெடுக்கும் போட்டி எவன்ஸ்டன் நகரில் நடைபெற்றது. முதல் மூவருக்கே இடமுண்டு. உலகிற் சிறந்த தடையோட்ட வீரரெனப் பெயர்பெற்ற டில்லார்ட், அன்று தடைகளில் மோதி, எட்டுக் குலைந்து, பந்தயத்தை முடிக்காமலே நின்றுவிட்டார்! முற்கூறிய விதி அவரையும் விடவில்லை.

எனினும் அதே தேர்வில் தடையில்லாத 100 மீட்டர் ஓட்டத்திலும் கலந்துகொண்டு மூன்றாம் இடம் பெற்றிருந்தார். அந்த ஒரு வாயில் வழியாக லண்டன் சென்றார். அங்கு இறுதி ஓட்டத்தில் அவரோடொத்த வேகத்தில் ஓடிய பார்னி யூவெல், தாமே வென்றதாக மகிழ்ந்து கூத்தாடினார். புகைப்படத்தை ஆராய்ந்த நடுவர்களோ டில்லார்டே வென்றாரென முடிவு கூறினர். நேரம் 10.3 வினாடி. இது தற்செயலாய் வந்த பேறன்று. தடைகளை வெல்வதற்கென்று ஈட்டிய வேகமே, தடைகள் கைவிட்டபோது அவரைத் தாங்கிற்று. தொடர் அஞ்சலோட்டத்திலும் அவர் பொற்பதக்கம் பெற்றார்.

உலகின் அதிவேக வீரரென்னும் பட்டம் கிட்டியபின், தம்மை வீழ்த்திய தடையோட்டத்தை அவர் மறந்திருக்கலாம். அவ்வாறு செய்திலர். மேலும் நான்காண்டுகள் அதனையே பயின்று, 1952ஆம் ஆண்டு ஹெல்ஸிங்கியில், தமது 29ஆம் வயதில், 110 மீட்டர் தடையோட்டத்தை 13.7 வினாடிகளில் வென்றார். இரண்டாமவரான ஜாக் டேவிஸுக்கும் அதே நேரமே குறிக்கப்பட்டதெனின் போட்டியின் கடுமை விளங்கும். அஞ்சலோட்டத்தில் மற்றொரு பதக்கமும் பெற்று, நான்கு ஒலிம்பிக் பொற்பதக்கங்களுக்கு உரியவரானார். 100 மீட்டர் ஓட்டத்திலும் 110 மீட்டர் தடையோட்டத்திலும் ஒலிம்பிக் வெற்றி பெற்ற ஆடவர் அவர் ஒருவரே. 2019ஆம் ஆண்டில் 96ஆம் வயதில் காலமானார்.

மாணவ நண்பர்களே, பரீட்சையில் ஒரு பாடம் நம்மை வீழ்த்துதல் உண்டு. அதற்கென உழைத்த உழைப்பு வேறோரிடத்தில் நமக்குத் துணை நிற்கும் என்பது டில்லார்டின் சரிதை கூறும் முதற்பாடம். துணை கிடைத்ததெனத் திருப்தியடைந்துவிடாது, விழுந்த இடத்திற்கே மீண்டு சென்று வெல்லுதல் வேண்டும் என்பது இரண்டாவது. இவ்விரண்டில் அரியது பின்னதே.