அட்டைக்குள் கடல்: மையும் நீரும் செய்யும் வேலை

ஜெல்லிமீன், கடல்குதிரை, ஆமை, சிப்பி என்று கடலுயிர்களின் உருவம் செதுக்கிய ரப்பர் முத்திரைகள் கைவினைப் பொருள் கடைகளில் எளிதாகக் கிடைக்கின்றன. நல்ல முத்திரையும் நீல மையும் வாங்கி, கையாலேயே வாழ்த்து அட்டை செய்ய உட்காருகிறவர்கள் பலரும் ஒரே இடத்தில் தடுக்கி விழுகிறார்கள். மீனைப் பதித்துவிட்டு, அதன் மேல் கடல்நீருக்காக ஈரத் தூரிகையை ஓட்டியதும் மீன் கரைந்து கலங்கிவிடுகிறது. நமக்குக் கைராசி இல்லை என்று அட்டையை மூடி வைத்துவிடுகிறார்கள். கையின் மேல் குற்றமே இல்லை. பதித்த மை எந்த வகை என்று பார்க்காததுதான் காரணம்.

ஸ்டாம்ப் பேடுகளில் முக்கியமாக இரண்டு வகை மைகள் உண்டு. ஒன்று சாய மை. உப்பு நீரில் கரைவது போல, இதில் சாயத்தின் மூலக்கூறுகள் தனித்தனியாகப் பிரிந்து முழுவதும் கரைந்திருக்கும். காகிதம் என்பது செல்லுலோஸ் இழைகளின் பின்னல். இழைகளுக்கு நடுவே உள்ள நுண்புழைகள் மையை உள்ளே இழுத்துக்கொள்கின்றன. அதனால் சாய மை சட்டென்று காய்கிறது. ஆனால் பெரும்பாலான சாயங்கள் காய்ந்த பிறகும் நீர் பட்டால் மறுபடி கரைந்து நகரத் தயாராக இருக்கும்.

மற்றது நிறமி மை. இதில் நிறம் தருபவை நீரில் கரையாத திடத் துகள்கள். ஒவ்வொரு துகளிலும் ஏராளமான மூலக்கூறுகள் கெட்டியாக அடுக்கியிருக்கும். துகள்களில் பெரும்பகுதி இழைகளுக்குள் நுழையாமல் காகிதத்தின் மேல்பரப்பில் தங்கிவிடும். இந்த மை காய நேரம் எடுக்கும். நன்றாகக் காய்ந்துவிட்டால் நீருக்கு எளிதில் அசையாது. வெயிலையும் கூடுதலாகத் தாங்கும். வெளி அடுக்கு மூலக்கூறுகள் ஒளியில் சிதைந்தாலும் உள்ளே இருப்பவை பிழைத்துக்கொள்வதே அதற்குக் காரணம்.

ஆக, மீனுக்கு நீர் பட்டாலும் கரையாத மை, கடலுக்கு நீரில் கரையும் சாய மை. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. பேடின் மேல் ‘வாட்டர்ப்ரூஃப்’ என்று போட்டிருக்கிறதா பாருங்கள். சந்தேகமாக இருந்தால் ஒரு துண்டுக் காகிதத்தில் பதித்து, காய்ந்ததும் ஈர விரலால் தடவிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

நீரில் கரையும் மையைக் குறையாக நினைக்க வேண்டாம். கடல் அட்டையின் அழகே அதில்தான் பிறக்கிறது. சாய நீலம் தடவிய தடிமனான வாட்டர்கலர் காகிதத்தில் ஓரிரு சொட்டு நீர் தெளித்து, சில விநாடிகள் விட்டு டிஷ்யூ காகிதத்தால் ஒற்றி எடுங்கள். சாயத்தில் கொஞ்சம் கரைந்து டிஷ்யூவோடு போய்விட, வெளிர் குமிழிகள் மிஞ்சும். ஒற்றாமல் தானாகக் காய விட்டால் சொட்டின் விளிம்பில் கருநீல வளையம் விழும். மேசையில் சிந்திய காபி ஓரம் கறுத்துக் காய்வதும் இதே இயற்பியல். சொட்டின் விளிம்பில்தான் நீர் வேகமாக ஆவியாகிறது; அந்த இழப்பை ஈடுகட்ட நடுவிலிருந்து நீர் விளிம்பை நோக்கி ஓடுகிறது; ஓடும்போது நிறத்தையும் அள்ளிச் செல்கிறது. சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராபர்ட் டீகனும் உடன் ஆய்வாளர்களும் 1997-இல் ‘நேச்சர்’ இதழில் இதை விளக்கினார்கள். எத்தனை கைதேர்ந்தவர் வரைந்தாலும் இந்த வளையத்தின் மென்மை தூரிகையில் வராது என்பது என் எண்ணம்.

நீரை விரட்டியும் கடலுயிர் வரையலாம். நிறமற்ற, மெதுவாகக் காயும் மையில் ஜெல்லிமீனைப் பதித்து, ஈரம் இருக்கும்போதே எம்பாஸிங் பவுடரைத் தூவுங்கள். இது வெப்பத்தில் உருகும் பிசின் தூள். ஈரமான கோடுகளில் மட்டும் ஒட்டும். மிச்சத்தைத் தட்டிவிட்டு ஹீட் கன்னால் சூடேற்றினால் தூள் உருகிக் கண்ணாடி போல் படியும். கூந்தல் உலர்த்தி இதற்கு உதவாது. சூடும் போதாது, காற்று தூளைப் பறக்கடித்துவிடும். பிசின் நீரை ஏற்காது. மேலே எவ்வளவு நீலம் தடவினாலும் அந்தக் கோடுகள் வெள்ளையாகவே நிற்கும். மெழுகு பூசிச் சாயம் தோய்க்கும் பத்திக் துணியிலும் இதே தத்துவம்தான்.

இனி நிறத் தேர்வு. அதற்குக் கடலின் நீலம் எங்கிருந்து வருகிறது என்று தெரிய வேண்டும். 1921-இல் சி. வி. ராமன் இங்கிலாந்திலிருந்து ‘நர்குண்டா’ கப்பலில் திரும்பும்போது மத்தியதரைக் கடலின் நீலத்தைப் பார்த்து, அது வானத்தின் பிரதிபலிப்பு என்ற ராலே பிரபுவின் கருத்தைச் சோதித்தார். ஒளியை வடிகட்டும் நிகோல் முப்பட்டகத்தால் மேற்பரப்பின் பிரதிபலிப்பை வெட்டிவிட்டுப் பார்த்தபோதும் நீலம் அப்படியே இருந்தது. நீர் மூலக்கூறுகள் ஒளியைச் சிதறடிக்கின்றன என்று காட்டினார். நீர் சிவப்பு ஒளியை விழுங்குவதும் அந்த நீலத்துக்கு முக்கியக் காரணம். சுமார் 10 மீட்டர் ஆழத்துக்குள் சிவப்பின் பெரும்பகுதி மறைந்துவிடும். ஆழ்கடல் இறால்கள் பல சிவப்பாக இருப்பது இதனால்தான். சிவப்பு ஒளியே எட்டாத இடத்தில் சிவப்பு உடல் கறுப்பாகத் தெரிந்து உயிரைக் காக்கிறது. அட்டையில் ஆழம் தெரிய வேண்டுமானால் மேலே வெளிர் பச்சைநீலம் தொடங்கி அடியில் கருநீலம் வரை ஸ்பாஞ்சால் படிப்படியாகத் தடவுங்கள். பளிச்சென்ற சிவப்பு, ஆரஞ்சு மீன்களை மேல் பகுதியில் நீந்த விடுங்கள்.

கடல் தானே தரும் மையும் உண்டு. கணவாயின் மைப்பையில் இருப்பது மெலனின். நம் தலைமுடிக்குக் கறுப்பு தருவதும் அதே குடும்பத்து நிறமிதான். ஓவியர்களின் செபியா மை அதிலிருந்து வந்தது. இங்கிலாந்தின் லைம் ரீஜிஸ் கரையில் புதைபடிவ சேகரிப்பாளர் மேரி ஆனிங் கண்டெடுத்த, கணவாயின் அழிந்துபோன உறவினமான பெலம்னைட்டின் புதைபடிவங்களில் மைப்பைகள் அப்படியே இருந்தன. அந்த உலர்ந்த மையை நீரில் குழைத்து, அவருடைய தோழி எலிசபெத் ஃபில்பாட் 1833-இல் இக்தியோசார் என்ற பழங்காலக் கடல் ஊர்வனவின் மண்டையோட்டை வரைந்தார். ஏறத்தாழ 20 கோடி ஆண்டுப் பழைய மை! 16 கோடி ஆண்டுப் பழைய மற்றொரு புதைபடிவ மையில் உள்ள மெலனின் இன்றைய கணவாயின் மெலனினோடு ஒத்துப்போகிறது என்று 2012-இல் வேதியியலாளர்கள் உறுதி செய்தார்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். அட்டை மினுங்க வேண்டும் என்று பிளாஸ்டிக் கிளிட்டர் தூவாதீர்கள். அது நுண்பிளாஸ்டிக்; கழுவும் நீரோடு சாக்கடைக்கும் அங்கிருந்து கடலுக்கும் போகக்கூடியது. ஐரோப்பிய ஒன்றியம் 2023 அக்டோபரிலிருந்து உதிரியாக விற்கும் பிளாஸ்டிக் கிளிட்டரைத் தடை செய்திருக்கிறது. எம்பாஸிங் பவுடரும் பிளாஸ்டிக் வகைதான். ஒரு காகிதத்தை விரித்து அதன் மேல் தூவி, மிஞ்சியதைச் சிந்தாமல் மறுபடி புட்டியில் சேர்த்துவிடுங்கள். மினுக்கம் கட்டாயம் வேண்டுமென்றால் கனிமமான மைக்காத் தூளைப் பயன்படுத்துங்கள்.