பிரசவ வலி: எந்த ஊசி எதற்கு?



"ஊசி போட்டாங்க, வலி கூடித்தான் போச்சு." லயத்துக்குப் போகும்போதெல்லாம் பிள்ளை பெற்று வந்தவர்கள் இப்படிச் சொல்வதை நாங்கள் கேட்கிறோம். அதைக் கேட்ட பக்கத்துக் காம்பரா பிள்ளைத்தாய்ச்சி பயந்துபோய், ஆஸ்பத்திரிக்குப் போகாமல் கடைசி நேரம் வரை வீட்டிலேயே இருந்துவிடுகிறார். எங்கள் தோட்டத்தில் அப்படி இருந்த ஒருவருக்கு லொறியிலேயே பிள்ளை பிறந்தது. தாயும் பிள்ளையும் தப்பியது கடவுள் புண்ணியம்.

ஒன்றை நாம் விளங்கிக்கொள்ள வேண்டும். வலி போதாமல் பிரசவம் தாமதமானால் சேலைனில் ஒரு மருந்து கலந்து ஏற்றுவார்கள். அது வலியைக் கூட்டுகிற மருந்து. வலியைக் குறைக்கிற மருந்து வேறு.

குறைக்கிற வழிகள் இவை:

1. மருந்தில்லாத வழி: வலி வரும்போது மெதுவாக மூச்சை இழுத்து விடுவது, நடப்பது, இடுப்பைத் தேய்த்துவிடுவது. துணைக்கு ஒரு பெண் பக்கத்தில் இருந்தாலே தைரியம் வரும். துணைக்கு ஆள் விடுவார்களா என்று கிளினிக்கில் முன்கூட்டியே கேளுங்கள்.

2. பெத்திடின் ஊசி: சுமார் 20 நிமிடத்தில் வேலை செய்யும். மயக்கமும் வாந்தியும் வரலாம். பிள்ளை பிறக்கும் நேரம் நெருங்கிவிட்டால் பெரும்பாலும் போடமாட்டார்கள். பிள்ளைக்கு மூச்சு மந்தமாகலாம். பிந்திப் போகிறவர்களுக்கு இந்த ஊசி கிடைக்காமல் போவது இதனால்தான்.

3. மூச்சில் இழுக்கும் வாயு: வலி தொடங்கும்போதே தாய் தானே பிடித்து இழுக்க வேண்டும். ஒரு நிமிடத்துக்குள் கேட்கும்.

4. முதுகில் போடும் ஊசி: மயக்க மருந்து டாக்டர் போடுவது. வலி நன்றாகக் குறையும். எல்லா ஆஸ்பத்திரியிலும் கிடையாது. இதனால் ஆயுளுக்கும் இடுப்பு வலி வரும் என்பது சரியல்ல.

வீட்டில் சாராயமோ, மிச்சம் கிடந்த குளிசையோ கொடுக்காதீர்கள்.

பனிக்குடம் உடைந்தால், இரத்தம் போனால், பிள்ளையின் துடிப்பு குறைந்தால், வலி இல்லாவிட்டாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் புறப்படுங்கள்.

ஆஸ்பத்திரியில், "இது என்ன ஊசி? வலி குறைய ஏதாவது தருவீங்களா?" என்று கேளுங்கள். பாஷை தெரியாவிட்டால் இப்போதே மருத்துவமாதுவிடம் சொல்லி கிளினிக் காட்டில் எழுதி வாங்குங்கள். வலியைப் பொறுத்துக்கொள்வதால் யாரும் நல்ல தாயாகிவிடுவதில்லை. கேட்பதில் வெட்கமும் இல்லை.