பச்சைக் குழந்தைக்குச் செய்ய வேண்டியதும் செய்யாமல் விட வேண்டியதும்

பிறந்த நாள் முதல் 28 நாள்கள் வரையிலான காலத்தை மருத்துவ நூல்கள் பச்சிளம் பருவம் என வகுக்கின்றன. உலகில் ஐந்து வயது நிறைவதற்குள் இறந்துபோகும் குழந்தைகளில் ஏறத்தாழப் பாதிப் பேர் இந்த நான்கு வாரங்களுக்குள்ளேயே இறக்கின்றனர். குறைமாதப் பிறப்பு, பிறக்கும் வேளையில் ஏற்படும் மூச்சுத்திணறல், நோய்த்தொற்று ஆகியவை இவ்விறப்புகளின் தலையாய காரணங்கள். மூச்சுத்திணறலைக் கையாள்வது பேறுகால அறையில் இருப்போரின் பொறுப்பு. ஆனால் தொற்றைத் தடுப்பதும், எடை குறைந்து பிறந்த குழந்தையைத் தேற்றுவதும் பெரும்பாலும் வீட்டின் பொறுப்பாகவே அமைகின்றன.

வீட்டில் செய்யும் எளிய பராமரிப்புக்கு எவ்வளவு ஆற்றல் உண்டு என்பதை மகாராஷ்டிர மாநிலத்தின் கட்சிரோலி மாவட்டத்தில் மருத்துவர்கள் அபய் பங், ராணி பங் இணையர் 1990களில் மேற்கொண்ட பணி உறுதிப்படுத்தியது. குழந்தையை எடைபோடவும், உடல் வெப்பத்தை அளக்கவும், மூச்சை எண்ணவும், தொற்றின் அறிகுறி தெரிந்தவுடன் முதல் மருந்தைக் கொடுக்கவும் சிற்றூர்ப் பெண்களுக்கு அவர்கள் பயிற்சி அளித்தனர். அதன் பயனாக, ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொண்ட ஊர்களோடு வைத்துப் பார்க்கையில் பச்சிளங்குழந்தைகளின் இறப்பு 62 விழுக்காடு குறைந்தது என்னும் செய்தி 1999இல் 'லான்செட்' இதழில் வெளியாயிற்று. இந்திய அரசு 2011இல் தொடங்கிய வீட்டுவழிப் பச்சிளங்குழந்தைப் பராமரிப்புத் திட்டத்துக்கு இம்முயற்சியே முன்னோடி. மருத்துவமனையில் பிறந்த குழந்தையைப் பிறந்த 3, 7, 14, 21, 28, 42ஆம் நாள்களில் சுகாதாரப் பணியாளர் வீடு தேடிச் சென்று பார்க்க வேண்டும் என்பது அத்திட்டத்தின் நெறி.

பச்சைக் குழந்தை பிறந்த வீட்டில் அறிவுரைக்குப் பஞ்சம் இருப்பதில்லை. பாட்டியின் பட்டறிவு ஒருபுறமும், மருத்துவரின் சொல் மறுபுறமும், கைப்பேசியில் வந்து குவியும் குறிப்புகள் இன்னொருபுறமுமாக நிற்கையில், எதை ஏற்பது, எதைத் தள்ளுவது என்று இளந்தாய் திகைக்கிறாள். இவற்றைத் தரம்பிரித்துக்கொள்ள ஓர் எளிய அளவுகோல் உண்டு. குழந்தையின் உடம்பை வெளியிலிருந்து மென்மையாகத் தொடும் வழக்கங்கள் பெரும்பாலும் நன்மை தருபவை. வாய், மூக்கு, காது, கண், தொப்புள், மூச்சு ஆகிய வழிகளில் உடம்புக்குள் எதையேனும் செலுத்தும் வழக்கங்களோ, தாய்ப்பாலும் மருத்துவர் தரும் மருந்தும் நீங்கலாக, விலக்கத்தக்கவை.

வெதுவெதுப்பு

கருப்பையின் ஒரே சீரான வெப்பத்திலிருந்து வெளிவரும் குழந்தை, நனைந்த உடம்போடு காற்றில் வந்து விழுவதால் பிறந்த சில நிமிடங்களிலேயே வெப்பத்தை விரைந்து இழக்கிறது. எடையோடு ஒப்பிட அதன் தோற்பரப்பு மிகுதி. பெரியவர்களைப் போல நடுங்கி வெப்பத்தை உண்டாக்கிக்கொள்ளவும் அதற்கு இயலாது. கழுத்தைச் சுற்றியும் தோள்பட்டை எலும்புகளுக்கு இடையிலும் சேமித்துள்ள பழுப்புக் கொழுப்பு எனப்படும் தனிவகைக் கொழுப்பை எரித்தே அது சூடு பெறுகிறது. குறைமாதக் குழந்தைக்கு அந்தச் சேமிப்பும் குறைவு. ஆகவேதான் பிறந்தவுடன் துடைத்து, தாயின் மார்பில் தோலோடு தோல் படும்படி கிடத்திப் போர்த்த வேண்டும் என்றும், முதல் குளியலைக் குறைந்தது 24 மணி நேரம் தள்ளிப்போட வேண்டும் என்றும் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது.

தாயின் மார்புச் சூடே சிறந்த மருத்துவக் கருவியாக முடியும் என்பதைக் கொலம்பியாவின் தலைநகரான பொகோட்டாவில் மருத்துவர் எட்கர் ரே சனாப்ரியா 1978இல் நடைமுறைப்படுத்திக் காட்டினார். வெப்பப் பெட்டிகள் போதாமல் ஒரே பெட்டியில் பல குழந்தைகளைக் கிடத்தியதால் தொற்று பரவிவந்த மருத்துவமனையில், எடை குறைந்த குழந்தைகளைத் தாயரின் மார்போடு அணைத்துக் கட்டிவைக்கும் முறையை அவர் தொடங்கினார். அதுவே இன்று கங்காரு பராமரிப்பு என்று வழங்குகிறது. இந்தியா, கானா, மலாவி, நைஜீரியா, தான்சானியா ஆகிய ஐந்து நாடுகளில் நடந்து 2021இல் வெளியான ஆய்வு, குழந்தையின் உடல்நிலை சீராகும் வரை காத்திராமல் பிறந்தவுடனேயே இம்முறையைத் தொடங்கினால் இறப்பு 25 விழுக்காடு குறைகிறது எனக் கண்டறிந்தது. தாய்க்கு இயலாத வேளையில் தந்தையோ பாட்டியோ இவ்வாறு அணைத்துக்கொள்ளலாம் என்பதும் கருதத்தக்கது.

குழந்தையின் உடல் வெப்பம் 36.5 முதல் 37.5 டிகிரி செல்சியஸ் வரை இருப்பது இயல்பு. வெப்பமானி இல்லாதபோது புறங்கையால் வயிற்றையும் பாதத்தையும் தொட்டுப் பார்த்தே நிலையை ஓரளவு அறியலாம்: இரண்டும் வெதுவெதுப்பாக இருந்தால் குறையில்லை; வயிறு சூடாகவும் பாதம் குளிர்ந்தும் இருந்தால் குழந்தை குளிரை உணர்கிறது என்று பொருள்; இரண்டுமே குளிர்ந்திருந்தால் அது ஆபத்தான நிலை. அதே வேளையில், சித்திரை வைகாசி வெயிலில் கம்பளித் தொப்பியும் காலுறையும் இட்டுக் குழந்தையைப் புழுங்கவைப்பதும் தவறு. மெல்லிய பருத்தித் துணி ஒன்று போதும், மின்விசிறிக் காற்று முகத்தில் நேராக அடிக்காதவாறு இருந்தால் போதும்.

பால்

பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் கொடுக்கத் தொடங்க வேண்டும். முதல் ஆறு மாதங்களுக்கு அதைத் தவிர வேறெதுவும், தண்ணீரும்கூட, வேண்டியதில்லை. முதல் சில நாள்களில் சுரக்கும் மஞ்சள் நிறமான சீம்பால் அளவில் சிறிதாயினும், தொற்றை எதிர்க்கும் புரதங்கள் செறிந்தது. அதைக் கெட்டுப்போன பால் என்று பீய்ச்சிக் கொட்டுவது குழந்தையின் முதல் பாதுகாப்பைக் கொட்டுவதாகும். தாய்ப்பாலில் ஏறத்தாழ 87 விழுக்காடு நீரே என்பதால், கடுங்கோடையிலும் பால் குடிக்கும் குழந்தைக்குத் தாகம் தனியே தீர்க்க வேண்டியதில்லை.

'பால் போதவில்லை' என்னும் ஐயம் எழாத தாய் அரிது. குழந்தை அடிக்கடி அழுவதையும், மார்பு இளகியிருப்பதையும் கண்டு அந்த ஐயம் வளர்ந்து, புட்டிப்பாலில் போய் முடிகிறது. நாளொன்றுக்கு 8 முதல் 12 முறை பால் குடிப்பதும், முதல் வாரத்தின் இறுதியில் நாளுக்கு ஆறு முறைக்குக் குறையாமல் சிறுநீர் கழிப்பதும் பால் போதுமான அளவு கிடைக்கிறது என்பதற்கான சான்றுகள். பிறந்த சில நாள்களில் எடை 10 விழுக்காடு வரை குறைவதும், ஏறத்தாழ இரண்டு வாரங்களில் பிறந்த எடையை மீண்டும் எட்டுவதும் இயல்பு. அதன் பின்னர் நாளொன்றுக்கு 20 முதல் 30 கிராம் வரை எடை கூடிவந்தால் கலங்கத் தேவையில்லை. கூடாவிட்டால் குழந்தை மார்பைப் பற்றும் முறையைச் செவிலியரிடம் காட்டித் திருத்திக்கொள்வது முதற்படி. தாய்ப்பாலில் வைட்டமின் டி குறைவு என்பதால், மருத்துவர் எழுதித்தரும் நாளுக்கு 400 அலகுச் சொட்டு மருந்தை விடாமல் கொடுக்க வேண்டும்.

உள்ளே செலுத்தப்படுபவை

பிறந்த குழந்தையின் நாவில் சர்க்கரைத் தண்ணீரையோ தேனையோ தொட்டுவைக்கும் சேனை வழக்கம் அன்பின் அடையாளமாகவே தொடர்ந்து வந்துள்ளது. ஆயினும் தேனில் தங்கியிருக்கக்கூடிய போட்டுலினம் என்னும் நுண்ணுயிரின் விதைகள் குழந்தையின் குடலில் முளைத்துத் தசைகளைச் செயலிழக்கச் செய்யும் நஞ்சை உண்டாக்கலாம் என்பதால், ஒரு வயது நிறையும் வரை தேன் ஆகாது என்பது உலகெங்கும் ஏற்கப்பட்ட விதி. வசம்பு, சாதிக்காய், மாசிக்காய், கடுக்காய் முதலியவற்றைக் கல்லில் இழைத்துப் புகட்டும் உரைமருந்திலும் அளவு நிலையற்றது. கல்லும் நீரும் விரலும் தூய்மையாக இல்லாதபோது மருந்தோடு கிருமியும் உள்ளே போகிறது. கழுதைப் பால், சளி இறங்குவதற்கென்று புகட்டும் எண்ணெய் ஆகியவற்றுக்கும் இதே தடை பொருந்தும்.

எண்ணெய் தேய்த்து மெல்ல நீவிவிடுவது தோலுக்கும் உறக்கத்துக்கும் நல்லது. அதே எண்ணெயை மூக்கில் விடும்போது அது நுரையீரலுக்குள் இறங்கி, எளிதில் ஆறாத ஒருவகை அழற்சியை உண்டாக்கலாம். மூக்கில் வாயை வைத்து ஊதுவது பெரியவரின் வாயிலுள்ள கிருமிகளைக் குழந்தையின் மூச்சுப்பாதைக்குக் கொண்டு சேர்க்கிறது. சாம்பிராணிப் புகை கூந்தலை உலர்த்தும்போதே சிறுநுரையீரலை உறுத்துகிறது. முகப்பூச்சு மாவும் அவ்வாறே மூச்சோடு உள்ளே செல்கிறது. கண்ணுக்குள் இடும் மையில் தொற்றுக்கு மட்டுமன்றி, சிலவகை மைகளில் கலந்துள்ள ஈயத்துக்கும் இடம் உண்டு. திருஷ்டி கழிய வேண்டும் என்று விரும்பும் வீட்டார் உள்ளங்காலில் ஒரு பொட்டு வைத்தால் விருப்பமும் நிறைவேறும், கண்ணும் தப்பும்.

தொப்புள்கொடியின் எஞ்சிய துண்டு பெரும்பாலும் ஐந்து முதல் பதினைந்து நாள்களில் தானே காய்ந்து உதிர்கிறது. அதன்மேல் சாம்பல், மஞ்சள், எண்ணெய், சாணம் என எதையும் பூசாமல் உலர்வாக விட்டுவிடுவதே சரியான பராமரிப்பு. தாய்க்கு இடும் தடுப்பூசியும் தூய்மையான கொடியறுப்பும் இணைந்ததால்தான், ஒருகாலத்தில் எண்ணற்ற பச்சைக் குழந்தைகளைக் கொன்ற இரணஜன்னி நோய் இந்தியாவில் பேறுகாலத் தாயரிடமும் பச்சிளங்குழந்தைகளிடமும் ஒழிக்கப்பட்டதாக 2015இல் அறிவிக்க முடிந்தது. குழந்தையைத் தூக்கும் ஒவ்வொருவரும் சோப்பால் கை கழுவுவதும், சளி இருமல் உள்ளவர்கள் விலகி நிற்பதும் இதன் தொடர்ச்சியே. பிறந்தவுடன் காசநோய், இளம்பிள்ளைவாதம், மஞ்சள்காமாலை பி ஆகியவற்றுக்கும், பின்னர் 6, 10, 14ஆம் வாரங்களில் ஏனைய நோய்களுக்கும் உரிய தடுப்பு மருந்துகளை நாள் தவறாமல் கொடுப்பது, உள்ளே செல்லத் தகுந்தவற்றுள் முதன்மையானது.

உறக்கம்

வெளித்தோற்றத்தில் நலமாக இருந்த குழந்தை உறக்கத்திலேயே காரணம் புலப்படாமல் இறந்துபோவதைத் திடீர்ச் சிசு மரணம் என்று மருத்துவம் குறிப்பிடுகிறது. குப்புறப் படுக்கவைப்பதே இதன் பெரிய இடர் என்று ஆய்வுகள் காட்டிய பின், 1991இல் பிரிட்டனிலும் 1994இல் அமெரிக்காவிலும் குழந்தையை மல்லாக்கப் படுக்கவைக்குமாறு பரப்புரை தொடங்கியது. அடுத்து வந்த ஆண்டுகளில் அந்நாடுகளில் இவ்வகை இறப்புகள் பாதியாகவும் அதற்கும் கீழாகவும் குறைந்தன. பால் குடித்தபின் தோளில் சாய்த்து ஏப்பம் விடச் செய்து, உறுதியான சமதளப் படுக்கையில் மல்லாக்கக் கிடத்துவதும், தலையணை, பஞ்சு பொம்மை, தளர்ந்த போர்வை ஆகியவற்றை அகற்றுவதும், வீட்டுக்குள் எவரும் புகைக்காமல் இருப்பதும் செலவில்லாத காப்புகள்.

சேலையில் கட்டும் தூளியைப் பற்றியும் இங்கே சொல்லியாக வேண்டும். துணி வளைந்து தொங்குவதால், கழுத்து நிற்காத குழந்தையின் முகவாய் நெஞ்சோடு மடங்கி மூச்சுப்பாதை அடைபட வாய்ப்புண்டு. முகத்தின்மேல் துணி மூடிக்கொள்வதும், கட்டு நழுவுவதும் கூடுதல் இடர்கள். ஆகவே முதல் மாதங்களில் இரவு உறக்கத்துக்குச் சமதளப் படுக்கையே ஏற்றது. பகலில் சிறிது நேரம் ஆட்டித் தேற்றும்போதும் அருகில் ஒருவர் விலகாமல் இருக்க வேண்டும். குழந்தையின் அழுகை ஏறத்தாழ ஆறாவது வாரத்தில் உச்சத்தை எட்டிப் பின்னர் தணியும். பொறுமை இழந்து குழந்தையைக் குலுக்கினால் மூளையில் இரத்தக்கசிவு ஏற்படலாம் என்பதால், அத்தகைய வேளையில் குழந்தையைப் பத்திரமாகக் கிடத்திவிட்டு வேறொருவரை அழைப்பதே அறிவுடைமை.

தாயின் உறக்கமும் உணவும் குழந்தைப் பராமரிப்பின் பகுதிகளே. பத்தியம் என்ற பெயரில் காய்கனிகளையும் தண்ணீரையும் குறைப்பது அவளை நலிவிக்கும். இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும் துயரமும் சோர்வும் மருத்துவ உதவி தேவைப்படும் நிலையாக இருக்கலாம் என்பதைக் கணவரும் மாமியாரும் உணர வேண்டும்.

தாமதிக்கக் கூடாத அறிகுறிகள்

பிறந்த இரண்டாம் மூன்றாம் நாளில் தோன்றும் மஞ்சள் நிறம் பெரும்பாலான குழந்தைகளில் தானே மறைவது. ஆனால் முதல் 24 மணி நேரத்துக்குள் தோன்றினாலோ, உள்ளங்கை உள்ளங்கால் வரை பரவினாலோ, இரத்தத்தில் மிகும் பிலிருபின் என்னும் நிறமி மூளையை நிலையாகப் பாதிக்கலாம். இங்கிலாந்தின் ராச்ஃபோர்டு மருத்துவமனையில் வெயிலில் வைத்த குழந்தைகளின் மஞ்சள் வெளிறுவதை வார்டு என்னும் செவிலியர் 1956இல் கவனித்ததிலிருந்தே இதற்கான ஒளிச் சிகிச்சை பிறந்தது. எனினும் இன்று அளந்து கொடுக்கப்படும் நீல ஒளிக்கு வீட்டு முற்றத்து வெயில் ஈடாகாது. வெயிலில் காட்டிக்கொண்டே நாள்களைக் கடத்துவது ஆபத்து.

பால் குடிக்க மறுப்பது அல்லது சுணங்குவது, தொட்டுத் தூண்டினால் மட்டுமே அசைவது, நிமிடத்துக்கு 60 அல்லது அதற்கு மேல் மூச்சு வாங்குவது, மூச்சிழுக்கும்போது நெஞ்சு உள்வாங்குவது, வலிப்பு, உடல் வெப்பம் 37.5 டிகிரிக்கு மேல் ஏறுவது அல்லது 35.5க்குக் கீழ் இறங்குவது, தொப்புளைச் சுற்றிச் சிவந்து சீழ் வைப்பது ஆகியவற்றுள் ஒன்று தென்பட்டாலும், இரவா பகலா என்று பாராமல் 108 ஊர்தியை அழைத்து மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். பெரியவர்களின் நோய் முனகலாகவும் புலம்பலாகவும் வெளிப்படும். பச்சைக் குழந்தையின் நோயோ பெரும்பாலும் அமைதியாகவே வெளிப்படுகிறது. பசித்து வீறிடும் குழந்தையைக் காட்டிலும், வேளை தவறியும் பாலுக்கு அழாமல் உறங்கிக்கொண்டே இருக்கும் குழந்தையைப் பற்றித்தான் கவலைப்பட வேண்டும்.

நேற்றுக் குடித்ததுபோல் இன்று குடிக்கவில்லை, உடம்பு துவண்டிருக்கிறது என்பதை வீட்டில் முதலில் கண்டுகொள்பவர், பல குழந்தைகளைத் தூக்கி வளர்த்த மூத்த பெண்ணாகவே பெரும்பாலும் இருக்கிறார். அந்தக் கண்டறிதலுக்குப் பின் கைவைத்தியத்தில் கழியும் ஒவ்வொரு மணி நேரமும் குழந்தைக்கு இழப்பு. அதே கூர்மையான பார்வை உடனடியாக மருத்துவரிடம் கொண்டுசெல்லும் முடிவாக மாறுமானால், கட்சிரோலியின் சிற்றூர்களில் பயிற்சி பெற்ற பெண்கள் சாதித்ததை ஒவ்வொரு வீடும் சாதிக்கலாம்.