"சாகணும்னு தோணுதாப்பா?" நேராகவே கேளுங்க!
காலேஜ் ஹாஸ்டல் ஊழியர்களுக்கும் இனி பயிற்சி

பையன் மனசு உடைந்தால் அப்பாவுக்கு முதலில் தெரியாது. ஹாஸ்டல் மெஸ்சில் சோறு போடுகிறவருக்குத் தெரியும்: மூணு நாளாகத் தட்டைத் தொடவில்லை. வாட்ச்மேனுக்குத் தெரியும்: ராத்திரி 2 மணிக்கு வராந்தாவில் தனியாக நடக்கிறான். ஆனால் யாரிடம் சொல்வது?

2022-ல் மட்டும் நாடு முழுவதும் 13,044 மாணவ-மாணவிகள் தற்கொலை செய்து கொண்டதாக தேசிய குற்ற ஆவணக் காப்பகம் கணக்குச் சொல்கிறது. தினமும் 35 பேருக்கு மேல்!

கோர்ட்டு உத்தரவு

2025 ஜூலையில் சுப்ரீம் கோர்ட்டு கண்டிப்பாகச் சொல்லிவிட்டது. 100 பேரும் அதற்கு மேலும் படிக்கும் இடத்தில் மனநல ஆலோசகர் ஒருவராவது வேண்டும். வாத்தியார்கள் மட்டுமல்ல, மற்ற ஊழியர்களுக்கும் ஆண்டுக்கு 2 தடவையாவது பயிற்சி தர வேண்டும்.

நல்ல காரியம். ஆலோசகர் சாயங்காலம் வீட்டுக்குப் போய்விடுவார். ராத்திரி முழித்திருப்பது வாட்ச்மேன்தானே!

புத்திமதி வேண்டாம்

சந்தேகம் வந்தால் "சாகணும்னு தோணுதாப்பா?" என்று நேராகக் கேட்க வேண்டும். ஐயையோ, கேட்டால் இல்லாத எண்ணம் வந்துவிடாதா? வராது என்கிறார்கள் டாக்டர்கள். கேட்டால் மனபாரம்தான் இறங்கும்.

அப்புறம் காது கொடுத்துக் கேட்க வேண்டும். (வாத்தியார்களுக்கு இதுதான் கஷ்டம்!) "உன் வயசுல நான்..." என்று ஆரம்பித்தால் பையன் வாயை மூடிக்கொள்வான். தனியே விடாமல் ஆலோசகரிடம் கையோடு கூட்டிப்போக வேண்டும்.

ஆலோசகர் இல்லாத நேரத்தில்? மத்திய அரசின் 'டெலி மானஸ்' போன் நம்பர் 14416. இரவு பகல் எந்நேரமும் பேசலாம். தமிழிலேயே பேசலாம். காசு கிடையாது. இந்த நம்பரை ஹாஸ்டலிலும் வகுப்பறையிலும் பெரிய எழுத்தில் வைக்க வேண்டும் என்பதும் கோர்ட்டு உத்தரவுதான். உங்கள் பிள்ளை ஹாஸ்டலில் வைத்திருக்கிறார்களா?