கண்ணில் அடிபட்டால் கவனம்!

தம்பிலுவிலில் கிட்டிப்புள் ஆடும் பிள்ளைக்கும், மலையில் கவ்வாத்து வெட்டும் தொழிலாளிக்கும் ஒரே ஆபத்து: கண்ணில் அடி.

கண்மணி என்பது வெளிச்சம் போகும் துவாரம். அதைச் சுருக்கும் தசை அடியில் கிழிந்தால் துவாரம் அகன்றே நிற்கும். வெயிலில் கண் கூசும். சிலருக்குச் சில வாரத்தில் குணமாகும், சிலருக்கு மாறாது. இங்கிலாந்துப் பாடகர் டேவிட் போவிக்கு 1962இல் நண்பரின் குத்து பட்டது; 2016இல் இறக்கும்வரை இடது கண்மணி பெரிதாகவே இருந்தது.

நாங்கள் சொல்வது இதுதான்: அடிபட்டா கசக்காதீங்க, தாய்ப்பாலோ பச்சிலைச் சாறோ விடாதீங்க. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்க. உள்ளே இரத்தம் தேங்கியிருந்தால் முதல் 5 நாளில் திரும்பவும் கசியலாம். தலையை உயர்த்திப் படுத்து ஓய்வெடுக்கணும்; டாக்டரைக் கேட்காமல் ஆஸ்பிரின் கூடாது. வாந்தி, மயக்கம் வந்தால் தலைக்குள்ளும் அடியிருக்கலாம். ஒரு நிமிஷமும் தாமதிக்க வேண்டாம்.